கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் ஏறாது

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில், 2019இல் வந்த பாடத்திட்டப்படி, குடிமையியலுக்கு ஐந்து பாடங்கள்: இந்திய அரசியலமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு, இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை, இந்தியாவின் சர்வதேச உறவுகள். பட்டியலை இன்னொரு தடவை படித்தால் ஒன்று உறுத்தும். வெளிநாட்டு உறவுக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஊராட்சிக்கு ஒன்றுகூட இல்லை.

உள்ளாட்சியை ஒன்பதாம் வகுப்பிலேயே நடத்தி முடித்துவிட்டோமே என்று பதில் வரும். வாஸ்தவம்தான். ஆனால் நம் பள்ளிகளில் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மரியாதை என்பதைத் தீர்மானிப்பது பப்ளிக் எக்ஸாம். அதில் வராத பாடம் நடத்தப்படும், பரீட்சை வைக்கப்படும், மே மாதத்தோடு மறக்கப்படும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் படிக்கும் ஒரு பெண், பஞ்சசீலக் கொள்கையின் ஐந்து அம்சங்களையும் மார்ச் மாதம் வரிசை மாறாமல் எழுதியாக வேண்டும். அவள் ஊர்க் கிராம சபை கூடக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

இந்தப் பாடத்தை எடைபோட எனக்குத் தோன்றும் அளவுகோல் எளியது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்துவரை ஐந்து வருஷம் குடிமையியல் படித்த பிள்ளை, பதினெட்டு வயதில் கிராம சபைக்குப் போய், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, உருப்படியாக ஒரு கேள்வி கேட்குமா?

முதலில் புத்தகத்துக்குச் சேரவேண்டிய பெருமையைக் கொடுத்துவிடலாம். இந்தியப் பள்ளிகளில் குடிமைப் பாடம் பிறந்த விதம் அவ்வளவு சிலாக்கியமானதில்லை. வில்லியம் லீ-வார்னர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1897இல் எழுதிய ‘இந்தியக் குடிமகன்’ அந்தக் காலத்துப் பள்ளிப் பாடநூல். பிரிட்டிஷ் ஆட்சியின் நன்மைகளை உணர்ந்து ஒழுங்காக நடந்துகொள்ளும் பிரஜையை உருவாக்குவது அதன் நோக்கம். அந்த வாடை சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுநாள் போகவில்லை. வரிசையில் நில், குப்பையைத் தொட்டியில் போடு, பெரியவர்களை மதி என்பதே குடிமைப் பயிற்சியாக இருந்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இந்தக் காலனியச் சுமையை நேரடியாகவே சுட்டிக்காட்டி, குடிமையியலை அரசியல் அறிவியலாக மாற்றச் சொன்னது. நம் 2018-19 புத்தகங்கள் அந்தத் திசையில் கொஞ்ச தூரம் வந்திருக்கின்றன. ஆறாம் வகுப்பில் பன்முகத்தன்மை, ஏழாம் வகுப்பில் ஊடகமும் ஜனநாயகமும், எட்டாம் வகுப்பில் சமயச்சார்பின்மை, ஒன்பதாம் வகுப்பில் அழுத்தக் குழுக்களும் மனித உரிமையும் வந்தன. முப்பது வருஷத்துக்கு முன்பு படித்தவர்கள் இவற்றைக் கல்லூரியில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தகவலில் குறை சொல்ல அதிகம் இல்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க உத்திரமேரூர்வரை போய்வர வேண்டும். திருமுக்கூடலுக்கு அது பக்கம்தான்.

உள்ளாட்சி என்றாலே நம் பாடநூல்களுக்கும் மேடைகளுக்கும் உத்திரமேரூர் வந்துவிடும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் அதைத்தான் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது என்பது பெருமையான வாக்கியம். பேருந்து பிடித்து வருகிற பள்ளிப் பிள்ளைகள் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்லெழுத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ‘குடவோலை முறை எந்தக் கல்வெட்டில் கூறப்பட்டுள்ளது?’ என்பது ஒன் வேர்டு. ஒரு மார்க் வந்ததும் கல்வெட்டு முடிந்தது.

அந்தக் கல்வெட்டில் எழுதியிருப்பதைப் படித்தால் மூன்று விஷயம் கிடைக்கும். மூன்றுமே வகுப்பறைக்குத் தேவையானவை.

ஒன்று, அங்கே நடந்தது இன்று நாம் சொல்லும் தேர்தலே கிடையாது. ஊரின் முப்பது குடும்புகளிலும், அதாவது வார்டுகளிலும், தகுதியுள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். நம்பிமாரில் மூத்தவர் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிப் பிடிக்க, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படித்தான். இது குலுக்கல். தகுதி யாருக்கு? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது. பிரமதேயச் சபை அது. பெண்ணுக்கும் நிலமில்லாதவருக்கும் பிராமணரல்லாதவருக்கும் குடத்தில் ஓலை கிடையாது. மக்களாட்சியின் தொட்டில் என்று இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்வது வரலாற்றுக்கும் நல்லதில்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை. ‘அந்தக் குடத்தில் உன் வீட்டார் பெயர் இருந்திருக்குமா?’ என்று கேட்டுவிட்டு அரசியலமைப்பின் 326ஆவது பிரிவுக்குப் போனால், வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இரண்டு, விதி மாறியது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து இந்த ஏற்பாடு கி.பி. 919இலும் 921இலும் என இரண்டு கல்வெட்டுகளில் இருக்கிறது. முதலாவதில் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது. இரண்டாவதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது. இரண்டே வருஷத்தில் சபை தன் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. சட்டத் திருத்தம் என்ற தலைப்பில் 42ஐயும் 44ஐயும் 73ஐயும் வரிசையாக மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, விதி ஏன் மாறுகிறது, மாற்றியவர்களுக்கு என்ன சங்கடம் இருந்திருக்கும் என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

மூன்றாவதுதான் முக்கியம். கல்வெட்டின் கனம் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட யாரைச் சேர்க்கக்கூடாது என்பதில் இருக்கிறது. ஏற்கெனவே வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. சிற்றன்னை பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் என்று உறவு முறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவர் மறுபடி வரமுடியாது. கணக்கெழுதுபவரும் தாம் எழுதிய கணக்கைத் தாமே நேரில் ஒப்புவித்து, சுத்தம் என்று சபை சொன்ன பிறகுதான் இன்னொரு முறை கணக்கெழுத முடியும். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பணமும் தண்ணீரும் புழங்குகிற இடம் என்பதால் இந்த எச்சரிக்கை. பத்தாம் நூற்றாண்டுப் பெரியவர்களுக்குப் பினாமியைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

நம் பாடநூல் மரபு இந்தக் கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டது குடத்தை; விட்டுவிட்டது கணக்கை. குடிமைப் பாடம் முழுவதிலும் இதே பழக்கம்தான். உறுப்புகளின் பெயர், எண்ணிக்கை, வயது, பதவிக்காலம் எல்லாம் இருக்கும். மக்களவைக்கு 25 வயது, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவருக்கு 35. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பக்கம் மெலிந்துகிடக்கும். பாடத்தின் கடைசியில் சரியான விடையைத் தேர்வு செய்க, கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக. உத்திரமேரூர்ச் சபைக்கு உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் தேவைப்பட்டான். குலுக்கல் நேர்மையாக நடக்க அந்த அறியாமை வேண்டியிருந்தது. நான்கு விடைகளில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும் நம் பிள்ளைகளின் அறியாமையால் யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை.

அடுத்தது, புத்தகத்துக்கும் ஊருக்கும் உள்ள இடைவெளி. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கும் 73ஆவது திருத்தம், ஊராட்சியின் ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் என்று புத்தகமும் சரியாகவே சொல்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நடந்தது என்ன? ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019 டிசம்பரில் பிற மாவட்டங்களில் தேர்தல் வந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்கள் என்று காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. கடைசியில் 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டார்கள். முழுசாக ஐந்து வருஷம் தலைவரும் இல்லை, வார்டு மெம்பரும் இல்லை. தனி அலுவலர் ஆட்சி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதுவரை அந்த வருஷங்களில் படித்த பிள்ளை, பிரசிடென்ட் இல்லாத ஊரில் உட்கார்ந்து ஊராட்சித் தலைவரின் கடமைகளை மனப்பாடம் செய்தது. ‘டீச்சர், நம்ம ஊர்ல ஏன் இல்ல?’ என்று கேட்பதற்குப் புத்தகத்தில் இடம் இல்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லும் பத்தியும் இல்லை. 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, அதே கதை வேறு பிள்ளைகளுக்குத் தொடங்கியது.

இதைப் பாடமாக்குவது பெரிய வித்தையில்லை. தேர்தல் ஏன் தள்ளிப்போனது, வழக்குப் போட்டது யார், உயர் நீதிமன்றம் என்ன சொன்னது, மாநிலத் தேர்தல் ஆணையம் என்றால் என்ன என்று நான்கு வகுப்பில் அலசினால், நீதித்துறைப் பாடமும் தேர்தல் பாடமும் உள்ளாட்சிப் பாடமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இன்னொன்றும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை என்று தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் 131ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் போனது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ‘தனக்கேயுரிய நீதி வரையறை’ என்று உருப்போடும் சொற்களுக்குப் பொருள் அதுதான். அதுவும் தன் பள்ளிக்கு வரவேண்டிய பணத்தைப் பற்றிய வழக்கு.

பள்ளிக்கூடத்துக்குள் வருவோம். தமிழ்ப் பிள்ளை முதன்முதலில் பார்க்கும் பதவி கிளாஸ் லீடர். அவனைத் தேர்ந்தெடுப்பது டீச்சர். அவன் வேலை, டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நண்பன் பெயரை அழித்துவிடலாம், பிடிக்காதவன் பெயரை எழுதிவைக்கலாம், முறையிட இடமில்லை. ஒரு வருஷக் குடிமைப் பாடத்தைவிட இது ஆழமாக இறங்குகிறது: பேசுவது குற்றம், பதவி என்பது காட்டிக்கொடுப்பது, மேலே இருப்பவர் சொல்வதே முடிவு. அரசு இதைச் சரிசெய்ய முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். மாதிரி நாடாளுமன்றப் போட்டி இருக்கிறது, நவம்பர் 26இல் முகப்புரை வாசிப்பும் ஜனவரி 25இல் வாக்காளர் உறுதிமொழியும் இருக்கின்றன. இவற்றில் உறுதிமொழி மீதுதான் எனக்கு மதிப்புக் குறைவு. ஓட்டே இல்லாத பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து ஓட்டுப் போடுவேன் என்று சொல்லவைப்பதால் என்ன விளையும்? மாதிரி நாடாளுமன்றம் கொஞ்சம் தேவலை, வசனத்தை ஆசிரியர் எழுதிக் கொடுக்காதவரை.

சர்வதேசக் கல்வி மதிப்பீட்டுச் சங்கம் 1999இல் 28 நாடுகளில் சுமார் 90,000 பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தியது; இந்தியா அதில் இல்லை. கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகப் பேச இடம்தரும் வகுப்புகளில் படித்தவர்களுக்குக் குடிமை அறிவும் கூடுதலாக இருந்தது, வளர்ந்ததும் ஓட்டுப் போடுவோம் என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தது. இரண்டும் சேர்ந்திருந்தன என்பதால் ஒன்றால்தான் இன்னொன்று வந்தது என்று முடிவுகட்டக் கூடாது. நல்ல பள்ளியில் இரண்டுமே நன்றாக இருக்கலாம். ஆனாலும் பேச்சை அடக்கிக் குடிமையறிவு வளர்ந்தது என்று காட்ட யாரிடமும் ஆதாரம் இல்லை.

இனி எதிர்வாதம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆசிரியர் அரசு ஊழியர். நடத்தை விதிகள் 1973 அவரைக் கட்சி அரசியலிலிருந்து விலக்கி வைக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை 2022 ஆகஸ்ட் 15 முதல் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறது. இதை வகுப்பில் எடுத்தால் மறுநாள் யார் போன் செய்வார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியும். அதைவிடக் கிட்டத்தில் இருக்கிற சிக்கல் ஒன்று உண்டு. கிராமத்துப் பள்ளியில் பிரசிடென்ட் பேத்தியும், அவரிடம் தோற்றவர் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தெரு விளக்குச் செலவைப் பேசப்போனால் அது குடும்பச் சண்டையாகும், சாதிச் சண்டையாகவும் ஆகலாம். பட்டணத்தில் உட்கார்ந்து ‘உயிரோட்டமான குடிமைக் கல்வி’ என்று எழுதுகிறவர்கள் இந்த பெஞ்சை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் இந்த வாதம் எதுவரை செல்லும்? விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று வகுப்பு தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. கிராம சபைத் தீர்மானம் யாரைக் கட்டுப்படுத்தும் என்று கேட்கலாம். 2013இல் ஒடிசாவின் நியம்கிரியில் பன்னிரண்டு கிராம சபைகள் சுரங்கம் வேண்டாம் என்றதும் சுரங்கத் திட்டம் நின்றது. உச்ச நீதிமன்றம் வன உரிமைச் சட்டப்படி முடிவை அவர்களிடம் விட்டிருந்தது. ஏகனாபுரத்துத் தீர்மானத்துக்கு அப்படியொரு சட்ட வலு இல்லை. இது கட்சி அரசியல் இல்லை, சுத்தமான குடிமையியல். ‘கிராம சபை அடித்தள மக்களாட்சியின் ஆணிவேர்’ என்ற அலங்காரத்தை எழுதவைப்பதைவிட, அதன் கை எங்கே எட்டும் எங்கே எட்டாது என்று காட்டுவது நேர்மை.

ஊர்க் கணக்கில் சண்டை வருமென்றால் பள்ளிக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று இருக்கிறது. நூறுக்கு மேல் 250 பிள்ளைகள்வரை படிக்கும் அரசுப் பள்ளிக்கு 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி வருஷத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய். சாக்பீஸ், கழிப்பறை சுத்தம், கரண்ட், சில்லறை ரிப்பேர் எல்லாம் அதில்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்கள்; அந்தக் குழு கூடித் தீர்மானம் எழுதும் நோட்டு தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கும். அதன் ஒரு பக்கத்தை ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டினால் எந்தச் சாதிக்கும் கோபம் வராது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் எல்லோருக்கும் என்கிறது. பதினெட்டு வயது என்று எங்கேயும் சொல்லவில்லை. 2012இல் லக்னோவில் பத்து வயதுப் பெண் ஒருத்தி, காந்திக்குத் தேசத் தந்தை என்ற பட்டம் எந்த உத்தரவின் பேரில் வந்தது என்று மனுப்போட்டு, அப்படி ஆவணம் எதுவும் இல்லை என்ற பதிலை அரசிடமிருந்து வாங்கினாள்.

திருமுக்கூடல் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சுவரிலேயே இருக்கிறது. அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் பதினொன்றாம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டை மருத்துவமனைக் கல்வெட்டு என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலை, பதினைந்து படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்து பறித்துவர இருவர், பணிப்பெண்கள், நாவிதர், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள். கூடவே அறுபது மாணவர் தங்கிப் படித்த கல்லூரி. அவர்களுக்குச் சோற்றுக்கு நெல், படுக்கப் பாய், இரவு விளக்கு, சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய். இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அது புகழ்ச்சிப் பாட்டாக மட்டும் நின்றுவிடவில்லை, செலவுப் பட்டியலாகவும் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று வந்துபோகிறவர் பார்க்கும் இடத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அங்கே படித்தவர்கள் வேதமும் வியாகரணமும் படித்தவர்கள்; எல்லோருக்குமான பள்ளி இல்லை அது. உத்திரமேரூரைப் போலவே இதிலும் எடுத்துக்கொள்ள வேண்டியதையும் தள்ள வேண்டியதையும் பிரித்துக்காட்டுவது ஆசிரியர் வேலை. அந்தப் பிரித்துக்காட்டும் பழக்கத்தைத்தான் ஒரு மார்க் கேள்வி கொன்றுபோடுகிறது.

ஆக, என் தீர்ப்பு இது. தகவல் நூலாக நம் குடிமையியல் புத்தகங்கள் தேறிவிட்டன; லீ-வார்னர் காலத்து ராஜவிசுவாசத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன. குடிமைக் கல்வியாகத் தேறவில்லை. குற்றத்தில் பெரும்பங்கு ஆசிரியருடையது இல்லை. பத்தாம் வகுப்பில் உள்ளாட்சியை விட்டுவிட்ட பாடத்திட்டத்துக்கும், நினைவை மட்டும் சோதிக்கும் வினாத்தாளுக்கும் சேரவேண்டியது. கிளாஸ் லீடர் வழக்கத்துக்கு மட்டும் பள்ளிகள் பொறுப்பேற்க வேண்டும். அதை மாற்ற அரசாணை எதுவும் தேவையில்லை.

திருத்தம் சிறியதுதான். வெளியுறவுப் பாடங்கள் இரண்டையும் ஒன்றாக்கி, காலியான இடத்தில் உள்ளாட்சியைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுவரலாம். குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் காலையில் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். அதே நாள் அதே ஊரில் கிராம சபை கூடுகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. ஓட்டு இல்லாவிட்டாலும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். வரவு செலவு வாசிக்கப்படுகிறதா, கோரம் இருக்கிறதா, கையெழுத்து கூட்டத்துக்கு முன்னா பின்னா என்று குறித்துக்கொண்டு வரலாம். வினாத்தாளில் வரைபடக் கேள்வி இருப்பதுபோல ஒரு கணக்குத் தாள் கேள்வி வரட்டும்: கற்பனை ஊராட்சி ஒன்றின் ஒரு வருஷ வரவு செலவு, பத்து வரி. கேள்வி இரண்டு. இதில் எந்தச் செலவுக்கு ரசீது கேட்பாய்? அதை யாரிடம் கேட்பாய்?